போட்டியில்லாத சொல்

“நேத்து முப்பத்தெட்டு, இன்னிக்கு நாப்பது! ஏறுமுகம்தான், வந்து பாரேன்!”

கணவர் போட்ட கூப்பாட்டில், சீருடைக்குப் பொத்தான் போட்டபடியே ஓடி வந்தாள் மனைவி. அவள் பேருந்து நடத்துநர். மதியம் பணிக்குப் போக வேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னால் வெறுமனே தலையாட்டுவார். இணையத் தேடலில் ஒரு தளத்தை முதலிடத்துக்குக் கொண்டு வருவது எப்படி என்று வலைப்பூ எழுதுகிறவர் என்று சொல்லிப் பாருங்கள், உட்கார வைத்து டீ கொடுப்பார்.

“நாப்பது இருக்கட்டும். பன்னண்டு மணிக்குள்ள உங்க மேனேஜருக்குப் பதில் சொல்லணும். ஞாபகமிருக்கா?”

அதற்காகத்தான் இன்று விடுப்பு போட்டிருந்தார். சூப்பர்வைசர் பதவி. பதினாறு வருஷம் லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று கிரீஸ் பூசிய பிறகு கிடைக்கிற நாற்காலி. ஆனால் அதில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருக்க முடியும். வலைப்பூவை இழுத்து மூட வேண்டியதுதான்.

“பதவியா, பிளாகா, எதுவானாலும் எனக்குச் சம்மதம்” என்றாள் அவள். “ஆனா தினம் உங்க பிளாகுக்கு வர்ற அந்த நாப்பது பேர் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க.”

“யாரா இருந்தா என்ன? என்னைத் தேடி வர்றாங்க!” கணினித் திரையைத் தட்டினார். “பெரிய சர்ச் எஞ்சின்ல எல்லாம் ஒரே அடிதடி. ஒரு சொல்லுக்கு லட்சம் பேர் முட்டி மோதறான். நான் என்ன செஞ்சேன்? எவனும் தொடாத சொல்லா நானே ஒண்ணை உண்டாக்கினேன். தேடல்தூக்கி! புதுசா வந்திருக்கே குட்டி சர்ச் எஞ்சின், அதுல இதைத் தட்டினா முதல் ஆளா நான்தான் நிக்கறேன்.”

“ரெண்டாவது யாரு?”

“ரெண்டாவதா வர எவனுக்கும் தைரியம் இல்ல.”

அவள் திரையில் இருந்த புள்ளிவிவரத்தைக் குனிந்து பார்த்தாள். தலைகளை எண்ணுவது அவள் தொழில். எண்கள் அவளிடம் சுலபமாகத் தப்ப முடியாது.

“எல்லாரும் காலையில ஒன்பதரைக்கே வந்துடறாங்களே?”

“வேற வேலை தொடங்கறதுக்கு முன்னால என்னைப் படிச்சிடணும்னு ஒரு வெறி.”

“எத்தனை நேரம் படிக்கறாங்க?”

“ஆறு செகண்ட்.”

“ஆறு செகண்ட்ல என்னத்தப் படிப்பாங்க?”

“என் எழுத்து அப்படி. பார்த்ததும் புரிஞ்சிடும்.”

“சனி, ஞாயிறு ஈ, காக்காயைக் காணோமே?”

“எல்லாம் குடும்பஸ்தங்கம்மா. லீவு நாள்ல பெண்டாட்டி பிள்ளையைக் கவனிக்க வேண்டாமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷனோடு பேசி ஜெயிக்க முடியாது. ஜெயிக்கவும் அவளுக்கு ஆசையில்லை. வேலை முடிந்து வந்து, கையில் கிரீஸ் வாசனையோடு உட்கார்ந்து தட்டெழுதும்போது அவர் முகத்தில் இருக்கும் குஷியை அவள் தினமும் பார்க்கிறவள்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் பூங்கொத்தோடு ஓர் இளம்பெண். கழுத்து அட்டையில் அந்தக் குட்டித் தேடுபொறியின் சின்னம்.

“சார், நான் அங்க இன்ஜினியர். தேடல்தூக்கி நீங்கதானே?”

“நானேதான். உள்ள வாம்மா!”

உட்கார்ந்ததும் அந்தப் பெண் படபடவென்று கொட்டினாள். “செவ்வாய்க்கிழமை காலையில உங்க பிளாக் ஒரு மணி நேரம் திறக்கவே இல்லையே சார், நாங்க எல்லாரும் ஆடிப்போயிட்டோம். அன்னிக்கு எங்களுக்கு வேலையே ஓடல. நேர்ல போய்ச் சொல்லிட்டு வான்னு எங்க டைரக்டர்தான் அனுப்பினார். தயவுசெஞ்சு பிளாகை மட்டும் நிறுத்திடாதீங்க சார். நீங்க இல்லாம எங்களுக்கு நாளே தொடங்காது.”

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. இத்தனை நாள் கிண்டல் செய்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

“பண்ணுங்க ஃபோனை” என்றாள்.

அவர் எழுந்து நின்றே பேசினார். “மேனேஜர் சார், மன்னிக்கணும். சூப்பர்வைசர் வேலை வேற யாருக்காவது கொடுத்துடுங்க. எனக்கு மெக்கானிக் வேலையே போதும்... இல்ல சார், சம்பளப் பிரச்சினை இல்ல. என்னை நம்பி நாப்பது பேர் இருக்காங்க.”

ஃபோனை வைத்தபோது பத்தாவது மாடிக்கு ஏறி நின்றவர் போலிருந்தார். வந்த பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மரியாதைக்குக் கை தட்டினாள்.

மனைவி டீயைக் கொண்டு வந்து நீட்டினாள். பேச்சுவாக்கில் கேட்டாள். “ஆமா, எங்க பஸ்ல ஊரே ஏறுது. உங்க சர்ச் எஞ்சின் பேரை ஒருத்தர் சொல்லிக்கூட நான் கேட்டதில்லையே. எத்தனை பேர்மா உபயோகிக்கறாங்க?”

“இப்போதைக்கு எங்க ஆபீஸ்ல இருக்கற நாப்பது பேர்தான் அக்கா” என்றாள் அந்தப் பெண், டீயை ஊதிக்கொண்டே. “காலையில வந்ததும் மெஷின் சரியா தேடுதான்னு சோதிக்க ஆளாளுக்குத் தேடல்தூக்கின்னு ஒரு தட்டு தட்டுவோம், உலகம் பூரா தேடினாலும் ஒரே ஒரு பதில் வர்ற சொல் வேற எங்க கிடைக்குது?”