திரும்பி வந்த பந்து

"அப்பாவ உள்ள வச்சுப் பூட்டிட்டா வேலைக்கு வர்ற?"

உஷாராணி கேட்டது தாமரைக்குச் சுருக்கென்றது. பெட்டாலிங் ஜெயா ஆபீஸ் முழுக்கக் காதில் விழும்படியா கேட்பது?

"வேற என்ன செய்யச் சொல்ற? போன மாசம் வாசல் கிரில் கதவு திறந்திருந்துச்சு, கிள்ளான் ரயில் ஸ்டேஷன்ல போய் உட்கார்ந்துட்டார். எங்க போறோம்னு அவருக்கே தெரியல. பூட்டினாதான் சேஃப் லா. சாப்பாடு மேசையில இருக்கு. மருந்து நேரத்துக்கு நான் கேமராவுலயே கூப்பிட்டுச் சொல்லிடுவேன்."

"சரி, அந்த பிசியோ சொன்ன எக்சர்சைஸ்?"

"அதெல்லாம் நடக்குது."

நடக்கவில்லை. பிசியோ பெண் வீட்டுக்கு வந்து ஒருமுறை சொல்லிக்கொடுத்ததோடு சரி. விடியும் முன் கிளம்பினால்தான் ஹைவே ஜாமில் மாட்டாமல் வரலாம். திரும்பும்போது அப்பா தூங்கியிருப்பார். சனி, ஞாயிறு ஓவர்டைம். இதில் எங்கே எக்சர்சைஸ்?

"இந்தா, நீயே பாரு. எவ்ளோ அமைதியா இருக்கார்."

கைப்பேசியில் ஹால் தெரிந்தது. கேமரா வாசற்கதவுக்கு நேர் மேலே மாட்டியிருந்ததால் வாசல் மட்டும் அதில் விழாது. அப்பா பக்தவத்சலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு டென்னிஸ் பந்து.

குனிந்து, அதை வாசல் பக்கமாக உருட்டினார்.

"விசாலம்," என்றார்.

பந்து திரையை விட்டு மறைந்தது. அப்புறம் அதுவே திரும்பி உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது.

உஷாராணி தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்ல வேற யாரு?"

"யாருமில்ல."

"விசாலம்?"

"எங்கம்மா. போன வருஷம் இறந்துட்டாங்க."

அப்பா மறுபடியும் குனிந்தார். "சுகுமாறன்."

தெருக்கோடி வீட்டுக்காரர். அவரும் இறந்துவிட்டார். பந்து போனது, வந்தது.

"நிஜாம்."

பக்கத்து வீட்டு அங்கிள். கோவிட்டில் போனவர். இந்த முறை பந்து உடனே வரவில்லை. வரலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி தாமதித்து, மெள்ள வந்தது. ஃபேன் இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தாமரை மைக்கை அழுத்தினாள். "அப்பா! யாரோட பேசறீங்க?"

அவர் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தார். மெல்ல இரண்டு கையையும் கூப்பினார். கண் கலங்கியிருந்தது.

"கிளம்பு," என்றாள் உஷாராணி. "முதல்ல கிளம்பு."

பேய் பிசாசெல்லாம் தாமரை நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் லிஃப்டில் இறங்கும்போதே கைப்பையில் இருந்த திருநீற்றைத் தேடி எடுத்துப் பூசிக்கொண்டாள்.

கிள்ளான் வந்து சேர்ந்தபோது வானம் இருட்டிக்கொண்டு மழைக்கு நின்றது. தெருவில் ஈ காக்கை இல்லை. காரைத் தள்ளியே நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் வெளிக்கேட்டைத் திறந்தாள்.

கிரில்லில் அவள் போட்ட பூட்டு போட்டபடியே தொங்கியது.

அதன் கீழே, போர்ச் தரையில், தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக ஓர் உருவம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது.

தாமரை பின்வாங்கினாள்; முதுகு கேட்டில் இடித்தது.

உருவம் திரும்பியது. பக்கத்து வீட்டு சல்மா. மாலை அசர் தொழுதுவிட்டு, தொழுகை உடையோடே வந்திருக்கிறார்.

போன உயிர் திரும்பி வந்ததும் தாமரைக்குக் கோபம் வந்தது. "ஆன்டி! அவர் வெளிய வர அடம்பிடிக்கிறார், கிரில்கிட்ட வந்து பேசாதீங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்னேதான்மா," சல்மா குரலைத் தாழ்த்தினார். "அந்த பிசியோ பிள்ள சொல்லிக்குடுத்தப்ப நானும் வேலிக்கு அந்தாண்ட நின்னு கேட்டேன். பந்து உருட்டினா உடம்புக்கு, ஒவ்வொரு தடவையும் ஒரு பேரு சொன்னா மூளைக்கு. தினமும் ஒருத்தர் கூட இருந்து செய்யணும்னுச்சு. செய்ய ஆளக் காணோம். எங்கிட்ட சாவியும் இல்ல. அதான் இந்தக் கம்பி சந்துல உருட்டறோம். நீ கூப்பிட்டா நான் மூச்சு விடமாட்டேன், திட்டுவியேன்னு."

"அதுக்கு ஏன் செத்தவங்க பேரு?"

"நேத்து பழம் பேரு. முந்தாநேத்து ஊர் பேரு. இன்னிக்கு இறந்துபோனவங்க பேரு சொல்லலாம்னு அண்ணேதான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் பேரையும் மறக்காம சொன்னாரு."

தாமரைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிரில்லுக்குப் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளிருந்து பார்த்தால் அவள் தெரியமாட்டாள்.

"சல்மாம்மா, இருக்கியா?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

"இருக்கேண்ணே. சொல்லுங்க."

பந்து கம்பி சந்து வழியே வெளியே உருண்டு வந்தது.

"தாமரை," என்றார் அப்பா.

சல்மா பந்தைத் தொடவில்லை. "தப்புண்ணே. தாமரை உயிரோடதான் இருக்கு."

"இல்லம்மா. ஆளைக் கண்ணுலயே காணோமே. தினமும் மேலேர்ந்து குரல் மட்டும்தான் வருது, மருந்து சாப்பிட்டீங்களாப்பான்னு." கொஞ்சம் நிறுத்தி, ரொம்பவும் பரிவாகச் சொன்னார்: "பாவம், செத்துப் போயும் அதுக்கு என்னை விட்டுட்டுப் போக மனசில்ல."