வரிசையில் முதல் ஆள்

"அழிச்சிடும்மா. இன்னும் இன்னா யோசனை?"

மாணிக்கராஜ் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று லேப்டாப் கம்ப்யூட்டரை முறைத்தார். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க கேட்டில், ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களைத் தடவிச் சோதித்த வாட்ச்மேன். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சந்தேகம் மட்டும் இன்னும் டூட்டியில்தான் இருந்தது.

"அவரு ஃபைலுப்பா. அழிச்சா திரும்ப வராது" என்றாள் சாரா.

"கேட்டா மட்டும் சொல்லிடுவாரா? நான் உள்ள வந்தாலே மாப்ள படக்குன்னு மூடியைச் சாத்துறாரு. ரெண்டு மாசமா பாக்குறேன். கேட்டுலயும் இப்படித்தான், மடியில வச்சிருக்கிறவன் என் மூஞ்சைப் பாக்க மாட்டான்."

ஆறு மணிக்குள் சாரா பாட வீடியோவை அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் டியூஷன் வேலை போய்விடும். கம்ப்யூட்டரோ இடமில்லை என்றது. இடத்தை அடைத்தது யார் என்று பார்க்க, வீட்டில் ஒவ்வொருவர் ஃபோல்டரின் அளவையும் வரிசைப்படுத்தியிருந்தாள். முதல் வரியில் அவள் கணவன் ஜோஸ்.

"தொள்ளாயிரத்து எண்பது! உன்னுது அறுநூத்தி நாப்பது, பாப்பா நிக்கோலுது இருநூத்தி சொச்சம். இவருக்கு மட்டும் இன்னாத்துக்கு இத்தினி? படமா இருக்கும். எவ படமோ."

அந்தக் கடைசி வார்த்தை சாராவைச் சுட்டது. என்டரைத் தட்டினாள். ஜோஸின் ஃபோல்டர் போய்விட்டது.

வீடியோவைச் சேமிக்கப் பார்த்தாள். மறுபடியும் இடமில்லை.

"பலே ஆளு. வேற எங்கியோ பதுக்கிட்டாரு" என்றார் மாணிக்கராஜ்.

"யாரு மாமா பதுக்கினது?" பெங்களூர் ரயிலிலிருந்து இறங்கி வந்த ஜோஸ், தோளில் பையோடு வாசலில் நின்றான். திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "சாரா, வரிசைப்படுத்துற sort கமாண்டுக்கு h போடணும். நீ n போட்டிருக்கே. அது நம்பரை மட்டும்தான் பாக்கும், பக்கத்து எழுத்தைப் பாக்காது. 980 கே-ன்னா கடுகு. ஜி-ன்னா லாரி லோடு. ஜி எங்க இருக்கு, பாரு."

ஒரே ஒரு ஜி, கடைசி வரியில். சாரா மெல்லப் படித்தாள். "96 ஜி... அப்பா."

"நானா? நான் அதைத் தொட்டதே இல்லியே!"

"உங்க போனுக்கு வர்ற குட்மார்னிங் வீடியோ மொத்தமும் தானா இங்க வந்து சேருது மாமா. கேட்டுல எல்லாரையும் சோதிச்சீங்களே, உங்களை யாராவது சோதிச்சாங்களா?"

மாணிக்கராஜ் அசடு வழிந்தார். சாரா சிரிக்கவில்லை.

"உங்க ஃபோல்டரை அழிச்சிட்டேங்க. அதுல இன்னா இருந்துச்சு?"

ஜோஸின் தோளிலிருந்து பை நழுவியது.

"ஒரே ஒரு மனு. நாம இருக்கிற இந்தச் சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸை மாமா பேருக்கே எழுதிக் குடுக்கச் சொல்லி, அவருக்குத் தெரியாம ரெண்டு மாசமா எழுதினேன். அதைக் குடுக்க நாளைக்குக் கடைசி நாள்."