வெறுங்கையோடு வந்த குப்பி

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்த எபனேசரிடம் காலையிலேயே ஒரு குப்பி ரத்தம் எடுத்தாயிற்று. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் அதில் ஏறவில்லை. இதயம் அடிபட்டிருந்தால் அது ரத்தத்தில் தெரியச் சில மணி நேரம் ஆகும் என்பதால், பதினோரு மணிக்கு இன்னொரு குப்பியிலும் எடுத்தார்கள்.

இரண்டாவது குப்பிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"நீ அவசரப்பட்டுப் போய் வெறுங்கையோடு நிற்கிறாய். என் சேதியைக் கேட்டு ஆஸ்பத்திரியே ஓடப்போகிறது, பார்," என்றது முதல் குப்பியிடம்.

லேப் மெஷின் அதை உள்ளே இழுத்து, நிதானமாகச் சோதித்து, வெளியே தள்ளியது. "உன்னிடமும் ஒன்றுமில்லை."

குப்பியின் முகம் தொங்கிப்போயிற்று. சற்று நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் எபனேசரின் மனைவி குரல் கேட்டது. "ஏங்க, ஒன்னுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க." சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே, நேற்று சாயங்காலம் அவர் தின்ற பஜ்ஜியை ஒவ்வொன்றாக எண்ணித் திட்டினாள். எபனேசர் சிரிக்கிற சத்தம் லேப் வரைக்கும் வந்தது.

"அப்படி என்னதான் சேதி கொண்டுபோனாய்?" என்று கேட்டது முதல் குப்பி.

"ஒன்றுமில்லை," என்றது இரண்டாவது குப்பி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.