சாம்பியனுக்குக் கண்ணூறு

தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் மார்ச் வெயில் லாயத்தின் அரைக்கதவில் சாய்ந்து கிடக்கிறது. லண்டன் ஓரத்துக் குதிரைப் பந்தயத் திடல் அது. லாயக்காரருக்குத் தேநீர் ஊற்றிக்கொடுக்க ஸ்ட்ரெதமிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் சிவனேஸ்வரி, கையை இறுக மூடிக்கொண்டு சாம்பியனின் முன்னால் நிற்கிறாள். தடை தாண்டும் ஓட்டத்தில் மூன்று வருடமாக இந்தக் குதிரையை முந்த ஆளில்லை. போன மாதம் அத்தனை சனத்தின் முன்னாலும் கடைசித் தடையில் இடறி விழுந்தது. இன்று மறுபடியும் ஓடுகிறது. முழங்கால் தழும்பு இன்னும் இளஞ்சிவப்பு மாறவில்லை. பராமரிப்பவன் சேணம் எடுக்கப் போயிருக்கிறான்.

“என்னக்கா செய்யிறியள்?” கோப்பைகளைப் பொறுக்க வந்த அம்பலவாணன் குரலைத் தாழ்த்திக் கேட்கிறான்.

“கண்ணூறு கழிக்கிறன். இவ்வளவு சனமும் வாயைப் பிளந்து பார்த்தால் விழாமல் என்ன செய்யும்?”

மூடிய கை குதிரையின் முகத்தை மூன்று முறை சுற்றுகிறது. காதுகளும் கூடவே திரும்புகின்றன. பெரிய கருவிழிக்குள் அவளுடைய மஞ்சள் ஏப்ரன் சின்னதாக அசைகிறது. கைக்குள் கன்டீன் உப்பு நசநசக்கிறது. இதை அடுப்பில் போட்டு வெடிக்கவிட்டால் பட்ட கண்ணெல்லாம் எரிந்துபோகும். அதற்குள் வெதுவெதுப்பான உதடுகள் விரல்களை விலக்குகின்றன. ஈர நாக்கு உள்ளங்கையைத் துடைத்தெடுக்கிறது. ஒரு பரல்கூட மிச்சமில்லை.

“அப்ப, எல்லாற்றை கண்ணூறும் இப்ப இதின்ரை வயித்துக்குள்ளையோ?” அம்பலவாணன் சிரிக்காமல்தான் கேட்கிறான்.

சிவனேஸ்வரி வெறுங்கையைப் பார்க்கிறாள். வெளியே ஒலிபெருக்கி சாம்பியனின் பெயரைச் சொல்ல, கைதட்டல் மழைபோல் இறங்குகிறது. குதிரை அவளுடைய மற்றக் கையை முகர்கிறது.