கிண்ணம் துடைத்த துவாய்

கிண்ணம் மூன்றாம் ஆளோடு நின்றுபோனது. அவ்வளவுதான்.

1931, பங்குனி. வலிகாமத்தில் ஒரு சின்ன மிஷன் கோயில். நான் அதன் போதகர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து. எல்லாரும் ஒரே கிண்ணத்தில் ஒரு வாய் திராட்சரசம் குடிக்கவேண்டும்.

ஒரே கிண்ணம்தான். ஆனால் முறை இருந்தது. சாதிமான்கள் முதலில். கள்ளுச் சீவுகிற குடும்பங்கள் கடைசியில்.

அதை மாற்றப் புறப்பட்டேன். தலைவனாக இருக்கிறவன் எல்லாருக்கும் வேலைக்காரனாக இருக்கவேண்டும் என்று முக்கால் மணித்தியாலம் பிரசங்கம். முடிவில், "இண்டையிலிருந்து முந்தி வாறவை முந்திக் குடிக்கலாம்" என்றேன்.

சின்னாச்சி அதை நம்பிவிட்டாள்.

அவள் அந்தக் கடைசிக் குடும்பங்களில் ஒருத்தி, கோயில் கூட்டுகிறவள். மேசை விரிப்பு, கிண்ணம் துடைக்கிற துவாய் எல்லாம் தோய்க்கிறவளும் அவள்தான். ஞானஸ்நானம் பெற்றுப் பதினெட்டு வருடம். வாங்குப் பலகையில் ஒருநாளும் இருந்ததில்லை, பின்னால் பாயில்தான். அன்று எழும்பி வந்து மூன்றாவதாக முழந்தாளிட்டாள். குடித்தாள்.

நாலாவது ஆள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது ஆளும் இல்லை. இருபத்தெட்டுப் பேர், குனிந்த தலை நிமிரவில்லை. கிண்ணம் அதற்குமேல் குறையாமல் மேசைக்குத் திரும்பியது. சின்னாச்சி பாய்க்குத் திரும்பினாள்.

ஆராதனை முடிய, மூப்பர் கனகசபாபதி பின்னறைக்கு வந்தார். நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசி. தொடக்கத்திலிருந்தே எதிர்த்தவர்.

"இப்ப சந்தோசமோ? எல்லாரையும் தூண்டிவிட்டாச்சு" என்றேன்.

"நான் ஒருத்தரையும் தூண்டேல்லை. குடிக்கமாட்டன் எண்டு உங்கடை முகத்துக்கு நேரை சொன்னனான். மறைச்சனானோ?"

"வெக்கமில்லையோ?"

"அது கிடக்கட்டும். ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. முதல் ஆள் குடிச்சாப் பிறகு கிண்ணத்தை எத்தினை தரம் துடைச்சனீங்கள்?"

"ஒருக்கா."

"ரெண்டாம் ஆளுக்கு?"

"ஒருக்கா."

"சின்னாச்சிக்கு?"

நான் துவாயை மடிக்கத் தொடங்கினேன்.

"மூண்டு தரம், போதகர். நான் எண்ணினனான். மற்றவையும் எண்ணினவை. உங்களை நம்பிக் குடிப்பம் எண்டு வந்ததுகளும் பாத்துக்கொண்டுதான் இருந்ததுகள். அவளும் பாத்தவள்." சால்வையை உதறித் தோளில் போட்டார். "நான் ஏன் தூண்டவேணும்? அதுக்கு உங்கடை கையே போதும்."

போய்விட்டார்.

கை தானாகச் செய்தது. மனம் அறியாது. ஆனால் அது ஒரு சமாதானமா?

மூன்று மாதம் போனது. சின்னாச்சி கோயிலைக் கூட்டினாள். சனிக்கிழமை தவறாமல் விரிப்பு வெள்ளையாக வந்தது. மன்னிப்புக் கேட்க அவள் கொட்டிலுக்கு இரண்டு தரம் போனேன்.

"விளக்குமாறு தேஞ்சுபோச்சோ, சின்னாச்சி?"

"இல்லை ஐயா."

"அப்ப சரி."

இரண்டாம் தரமும் விளக்குமாற்றைத்தான் விசாரித்தேன்.

"உந்த விளக்குமாத்துக்கோ ஐயா இவ்வளவு தூரம் நடந்து வாறியள்?" என்றாள். சிரிக்கவில்லை.

ஆனி மாதம். அடுத்த திருவிருந்து. அன்று நான் பிரசங்கத்தில் முறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துணிவு இல்லை.

அன்றைக்கு நடந்ததை ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்: "போதகர் துவாயைத் தூக்கி எறிஞ்சுபோட்டு அந்தக் கிண்ணத்திலையே குடிச்சார். மனுசன் எண்டால் அவர்தான்." என் முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறார்கள். நானும் இத்தனை வருடமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பொய்.

அன்று முதல் ஆளாக வந்து முழந்தாளிட்டது சின்னாச்சி. கொடுத்தேன். குடித்தாள். என் கை துவாய்க்குப் போனது. மூன்று மாதம் நித்திரை இல்லாமல் கிடந்த பிறகும் போனது.

ஒருதரம் துடைத்தேன். இரண்டாம் தரம் துடைக்கப் போக, அவள் துவாயின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தையெண்டால் இஞ்சை தாங்கோ ஐயா." எனக்கு மட்டும் கேட்கிற குரல். "நான்தானே தோய்க்கிறனான்."

இழுத்தெடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எழும்பிப் போகவில்லை. அப்படியே என்னைப் பார்த்தபடி முழந்தாளில் இருந்தாள்.

என்னிடம் துடைக்க ஒன்றும் இல்லை. போதகர் கடைசியில் குடிப்பதுதான் முறை. அந்த முறையை அன்று பார்க்கவில்லை. கிண்ணத்தை வாயில் வைத்துக் குடித்தேன்.

அடுத்தது கனகசபாபதியின் மனைவி மகாதேவி. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவருக்குப் பிறகு ஐந்து பேர். மற்றவர்கள் எழும்பிப் போனார்கள், கனகசபாபதி முன்னால். பாதிப்பேர் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. அந்தக் கோயில் பழையபடி நிரம்பி நான் காணவில்லை.

பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது என் வெறுங்கை மட்டும். அதை வைத்துத்தான் கதை கட்டினார்கள்.

அந்தக் கை இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அதை நான் நம்புவதில்லை.

முறையை மாற்றியது ஆர் என்று இனிக் கேட்டால் என் பெயரைச் சொல்லவேண்டாம். சின்னாச்சி.