ராதிப் புகழ்ந்த பெண்

"நேத்து அரைமணி நேரம் பேசினா. நான் வாயே திறக்கலடா. கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

காப்பித் தட்டோடு வந்த தவ்ஹீதா கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே பேசுவது அவள் கணவன் ராதிப். எதிரே இருப்பவன் அவனோடு பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் வஹ்பீ.

"கொடுத்து வச்சவன்டா நீ," என்றான் வஹ்பீ. "வீட்ல தெரியுமா?"

"தெரிஞ்சா அவ்ளோதான். அதோட எல்லாம் நின்னுபோயிடும்."

இருவரும் சிரித்தார்கள். தவ்ஹீதா தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். என் பேச்சை அரைமணி நேரம் என்றைக்குக் காது கொடுத்துக் கேட்டான் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. இந்த வருஷம் முதல் பெண்களையும் விரிவுரைக்கு விடுகிறார்கள் என்று கெய்ரோ முழுக்கப் பேச்சு அடிபட்டபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருந்தது.

மறுநாள் காலை, வியாழக்கிழமை, அவளால் பொறுக்க முடியவில்லை. அந்த வாரம் அவர்களுக்குள் அது மூன்றாவது சண்டை.

"படிக்கப் போறீங்களா, இல்ல யாரையாவது பாக்கப் போறீங்களா? நீங்க ஊரெல்லாம் சுத்தலாம். நான் துணிக்கடைக்குப் போகணும்னாகூட உங்க அம்மாகிட்ட நிக்கணும்."

அதற்குமேல் என்ன சொல்கிறோம் என்று தனக்கே தெரியாமல் பொரிந்து தள்ளினாள். அவன் நிமிரவே இல்லை. பென்சிலும் கையுமாக நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அவள் பேசி ஓய்ந்ததும், "அப்புறம்?" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே காப்பியை அவன் தலையில் கவிழ்த்திருப்பாள். அடக்கிக்கொண்டாள்.

அவன் கிளம்பியதும் துணிமணிகளை மூட்டை கட்டினாள். மறுநாள் காலை ரயிலில் தந்தா ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது, அங்கிருந்தே தலாக் கேட்பது என்று தீர்மானம். ஆனால் போவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்.

மதியம் மாணவர் சொற்போர் மன்றம் கூடுகிறது. ராதிப் பேசுகிறான்; அவளும் வராமல் இருக்கமாட்டாள். முகத்திரையைப் போட்டுக்கொண்டு டிராம் ஏறினாள். மன்றத்து மாடியில் மரத்தட்டி அடைத்த பெண்கள் பகுதியில் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் திரை போடாத ஒரு பெண், பச்சைப் பட்டுத் துப்பட்டா, தட்டியோடு ஒட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்துப் பேசப்போறவர் ராதிப் எஃபெந்தி," என்றாள் தானாகவே, மரியாதைப் பட்டம் சேர்த்து. "எங்கப்பாகிட்டதான் படிக்கிறார். என்னமா பேசுவார் தெரியுமா?"

"கல்யாணம் ஆனவரா?"

"ஆகியிருக்காதுங்க. ஆயிருந்தா முகத்துல இவ்ளோ சிரிப்பு இருக்குமா?"

இவள்தான் என்று தவ்ஹீதாவுக்கு உறுதியாகிவிட்டது.

'பெண்ணுக்கு வீடே போதும்' என்பது தலைப்பு. மறுத்துப் பேச ராதிப் எழுந்தான்.

"இது என் கருத்தல்ல. ஒரு பெண்மணியின் கருத்து. வீதியில் ஆபத்து என்று சொல்லி எங்களை வீட்டுக்குள் பூட்டுகிறீர்கள். அந்த ஆபத்து யார்? ஆண்கள்தானே? அப்படியானால் பூட்டப்பட வேண்டியவர்கள் யார்?"

மண்டபமே பெஞ்சுகளைத் தட்டி அதிர்ந்தது. எதிரணிக்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

தவ்ஹீதாவின் நெஞ்சு எரிந்தது. அழகி என்றால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இப்படிப் பேசத் தெரிந்தவளோடு எப்படிப் போட்டி போடுவது? அந்த வார்த்தை தன் வாயில் வராமல் போயிற்றே என்று, அந்த நேரத்திலும், பொறாமையாக இருந்தது.

பச்சைத் துப்பட்டாக்காரி அவள் பக்கம் திரும்பினாள். "யாருங்க அந்தப் பொம்பள? உங்களுக்குத் தெரியுமா?"

தவ்ஹீதா அவளையே பார்த்தாள். இவளும் இல்லையென்றால் வேறு எவள்?

கீழே தலைவர் மணியைத் தட்டினார். "ராதிப் எஃபெந்தி, இன்னொருத்தர் வார்த்தையை எடுத்தா யாருன்னு சொல்லணும். மன்றத்து விதி. யார் அவங்க? எங்க படிச்சவங்க?"

ராதிப்பின் காது மடல்கள் சிவந்தன. இத்தனை ஆண்கள் நடுவில் சொல்லக்கூடாததைச் சொல்லப்போகிறவன் போல ஒரு தரம் தொண்டையைச் செருமினான். தவ்ஹீதா இரண்டு கையாலும் மரத்தட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரிங்க. திட்டும்போது சொன்னா."