மகன் பார்க்கும்போது

“நடக்குறாங்கன்னு போன் பண்ணி வரச் சொன்னீங்க. எங்க நடக்குறாங்க?”

மகன் கேட்டதும் பிசியோதெரபிஸ்ட் பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவைப் பார்த்தாள். பொய் சாட்சி சொல்லி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள்.

காலையில்தான் அந்த அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். இந்த முதியோர் இல்லத்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆனபின் நடந்த முதல் நடை. பெற்ற பிள்ளை பார்த்தால் பூரித்துப்போவான் என்று இவள்தான் முந்திக்கொண்டு கூப்பிட்டாள்.

இப்போது என்னடாவென்றால், கட்டிலை விட்டு அசைய மாட்டேன் என்கிறாள்.

“அம்மா, காலையில செஞ்ச மாதிரிதான். நான் பிடிச்சுக்கறேன், எழுந்திரிங்க.”

“முடியலைம்மா. காலு வலிக்குது.”

“ஒரே ஒரு அடி.”

அந்த அம்மா வாக்கரில் கை வைத்தாள். மகனுக்கு முகம் வெளிறிவிட்டது. பாவம், அம்மா மறுபடி விழுந்துவிடுவாளோ என்ற பயம் என்று இவள் நினைத்தாள்.

அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

“என்னால ஆகாது.”

“போதும், விடுங்க” என்றான் மகன். “வயசானவங்களை ஏன் வதைக்கறீங்க? இனிமே இந்தப் பயிற்சியே வேண்டாம். நிம்மதியா படுத்திருக்கட்டும். இங்க இல்லத்து ஆபீஸ்ல சொல்லிட்டுப் போறேன்.”

“சார், இந்த நேரத்துல விட்டுட்டா கால் தசை வத்திப்போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் படுக்கைதான்.”

“எங்கம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

அம்மாவின் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டான். வந்தபோது இல்லாத சுறுசுறுப்பு போகும்போது இருந்தது.

அவன் கார் கிளம்பும் சத்தம் கேட்டதுதான் தாமதம், அந்த அம்மா வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்து நின்றாள்.

இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நல்லா இருக்கும்மா. என் மானத்தைக் கப்பலேத்திட்டு இப்ப நிக்கறீங்க. பயிற்சியையே நிறுத்தச் சொல்லிட்டுப் போறாரு.”

“நிறுத்தாதே கண்ணு. ஆபீஸ்ல நானே பேசிக்கறேன். பாத்ரூமுக்காவது அடுத்தவங்க கையை எதிர்பார்க்காம நான் போயாகணும். அவன்கிட்ட மட்டும் மூச்சு விடாதே.”

“ஏன்?”

அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“‘எழுந்து நடந்தா அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்’னு சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலயும் வாக்குக் கொடுத்திருக்கான். நான் நடந்து காட்டி, பெத்த பிள்ளையைப் பொய்யனாக்கவா?”